படுக்கையறையில் ஒரு ஹெட் ஆபீஸ்

நீலத்துளி ஹோம் சர்வீஸின் ஹெட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், "மெயின் ரோட்டுல, ரெண்டாவது மாடி" என்று அவள் சொல்வாள். மெயின் ரோடு உண்மை. இரண்டாவது மாடியும் உண்மை. அந்த மாடியில் இருப்பது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு சமையலறை என்று ஒரு சின்ன வீடு என்பதையும், படுக்கையறை ஜன்னலோரம் கிடக்கிற இஸ்திரி மேஜைதான் ஹெட் ஆபீஸ் என்பதையும் அவள் சொல்வதில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்தா?

மேஜைமேல் ஆபீஸ் போன் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மகள் சின்னவளாக இருந்தபோது தட்டி விளையாடிய பொம்மைப் பியானோ. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். பியானோ கம்பெனிக்கு வந்துவிட்டது. பாதிக் கட்டைகள் செத்துப்போனாலும், ஓரத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒரு மெட்டு தானாகவே ஓடும். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பொத்தானை அழுத்திப் போனை அதன் பக்கத்தில் வைப்பாள். மேனேஜர் என்று ஒருவரும் கிடையாது. மெட்டு ஓடுகிற நேரத்தில் அவள் ஜன்னல் வழியாகக் கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பாள். மெட்டு முடிந்ததும் போனை எடுத்து, மேனேஜர் ஒத்துக்கொண்டார் என்றோ ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தன் மனம்போலச் சொல்லிவிடுவாள்.

கம்பெனியில் மொத்தம் இரண்டே பேர், புருஷனும் பெண்டாட்டியும். அவர் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். கம்பெனி பாஷையில் 'எங்க டெக்னீஷியன்'. கஸ்டமர் கேர், மேனேஜர், மேனேஜருக்கும் மேலே இருக்கிற மேலிடம் எல்லாம் அவள்தான். போன் அடித்தால் முதலில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். ஹெட் ஆபீஸில் குக்கர் விசில் அடித்தால் நன்றாகவா இருக்கும்? ஒருமுறை அடித்தேவிட்டது. "அது எங்க கேன்டீன் சார்" என்று கூசாமல் சொன்னாள். அந்த வாடிக்கையாளர், கேன்டீனெல்லாம் இருக்கிற பெரிய கம்பெனி போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சிபாரிசு செய்தார்.

இந்த நாடகத்தை அவர்கள் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. அவர் முன்பு ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மார்பில் கம்பெனி முத்திரை. போகிற வீட்டிலெல்லாம் "வாங்க, வாங்க" என்றுதான் வரவேற்பு. ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். மற்றவர்களெல்லாம் சட்டையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள, இந்த மனுஷர் மட்டும் துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். கைத்தொழில் கையில் இருக்கிறது, இத்தனை வருடம் பழகிய வீடுகள் இருக்கின்றன, பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

முதலில் போனது நன்றாகப் பழகிய ஒரு வீடு. அந்த வீட்டம்மா கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"எந்தக் கம்பெனி?"

"நான்தாம்மா. போன மாசம்கூட வந்து பெல்ட் மாத்திட்டுப் போனேனே."

"அது கம்பெனி ஆளு."

"அந்த ஆளு நான்தாம்மா."

"இருக்கலாம். கம்பெனில இருந்து வரச் சொல்லுங்க, தொறக்கறேன்."

இதை அவர் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதை நடந்தபோது சிரிப்பு நின்றுபோனது. முகத்தைத் தெரியும், கையைத் தெரியும், மெஷினுக்குள் அவர் கை போகும் வேகம்கூடத் தெரியும். ஆனால் சட்டையைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தெருக்கோடியில் ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்காரர் ஒருவர் இருந்தார். வாய் ஓயாத ஆள். விஷயத்தைக் கேட்டதும் கத்திரியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, வெறும் ஆளா போய் நின்னா யாரு தொறப்பா? ஒரு பேரு, ஒரு படம், ஒரு கலர். இது இருந்தாப் போதும். உள்ள யாரு இருக்கான்னு எவனும் எட்டிப் பாக்கமாட்டான்."

அவரே பேரும் வைத்தார், நீலத்தில் ஒரு சொட்டுப் படமும் வரைந்தார். கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிறதே என்று அவள் சொன்னதற்கு, "அது சுத்தமான தண்ணி அக்கா, சுத்தம்" என்றார். நீலத்துளி சட்டைக்கு ஏறியது, கருவிப் பைக்கு ஏறியது, பில்லுக்கும் ஏறியது. முன்பைவிடக் கூலியும் கொஞ்சம் ஏறியது. சங்கிலியைக் கழற்றாத அதே அம்மா கதவை அகலத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். "கம்பெனி மாறிட்டீங்களா? இது நல்ல கம்பெனின்னு கேள்விப்பட்டேன்" என்றாளாம். கம்பெனி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கே கேள்விப்பட்டாளோ.

கம்பெனி என்றால் போன் எடுக்க ஒரு குரல் வேண்டுமே. அதற்கு அவள் வாய்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தவள். பெற்றோரைத் தவறவிட்ட குழந்தைகளையும், தள்ளுபடி விலைச் சட்டைகளையும் ஒரே கனிவோடு அறிவித்த குரல் அது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் இருந்தது. இப்போது வேலை வந்தது. "வணக்கம், நீலத்துளி ஹோம் சர்வீஸ். உங்களுக்கு என்ன உதவி செய்யணும்?" என்று அவள் முதல்முறை சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவர் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அவர்களுக்கென்று ஒரு முறை உண்டாயிற்று. வாடிக்கையாளர் விலை குறைக்கச் சொன்னால், "எனக்கு அந்த அதிகாரம் இல்லீங்க, ஹெட் ஆபீஸ்லதான் கேக்கணும்" என்று அவர் போனை ஸ்பீக்கரில் போடுவார்.

"மேடம், டெக்னீஷியன் பேசறேன். பார்ட்டி ரொம்ப வேண்டியவங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்க மேடம்."

"ரூல்ஸ்படி முடியாதுங்க."

"எனக்காக மேடம்."

"ஒரு நிமிஷம். மேனேஜர்கிட்ட கேக்கறேன்."

பியானோ வாசிக்கும். பிறகு மேனேஜர் மனம் இரங்குவார். வாடிக்கையாளர் கம்பெனியை வாழ்த்துவார். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவர் தட்டின்முன் உட்கார்ந்து, "மேடம் இன்னிக்கி ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்பார். "டெக்னீஷியன் ரொம்ப இளகின மனசா இருக்கறதால" என்று அவள் பரிமாறுவாள். அந்த நாட்களில் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

பெரிய கம்பெனிகள் வேலை முடிந்ததும் போன் செய்து ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பது வழக்கம். நாமும் கேட்கலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். வம்பை விலைகொடுத்து வாங்கிய கதைதான். மார்க்கோடு குறைகளும் வந்தன. வேலை நடுவில் முனகிப் பாடுகிறார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். வியர்வை நாற்றம். தரையில் கால் நீட்டி உட்காருகிறார். "டெக்னீஷியனுக்கு வார்னிங் குடுத்துடறோம் சார்" என்று அவள் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, "உங்களுக்கு இன்னிக்கி ஒரு வார்னிங்" என்பாள். "மன்னிச்சிடுங்க மேடம், இனிமே பாடமாட்டேன்" என்று அவர் குழாயடியிலேயே கைகூப்புவார்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். பேரப்பிள்ளைகளின் துணியைத் துவைத்துத் துவைத்தே அவர் மெஷின் அடிக்கடி படுத்துக்கொள்ளும். எப்போது கேட்டாலும் மூன்று மார்க்தான். "வேலை சரியாத்தான் இருக்கு. ஆனா அஞ்சுக்கு அஞ்சு போட்டா அப்பறம் மனுஷன் முன்னுக்கு வரமாட்டான்" என்பார். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் மூணு மார்க் டீச்சர்.

வருடங்கள் போகப் போகத்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. நல்லது சொல்கிறவர்கள் எல்லோரும் கம்பெனிக்குச் சொன்னார்கள். "நல்ல ட்ரெயினிங் குடுக்கறீங்க." "உங்க கம்பெனின்னா நம்பி விடலாம்." "கம்பெனின்னா கம்பெனிதான்." குறை சொல்கிறவர்கள் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். ஓடாத மெஷின் ஓடினால் அது நீலத்துளியின் திறமை. ஓட நேரமானால் அது அந்த ஆளின் மெத்தனம். ஒரு மனுஷனை ஒரு சொட்டுத் தண்ணீர்ப் படம் இப்படிச் சுரண்டித் தின்னுமா? அவளுக்குச் சில நாட்கள் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது நீலத்துளியைக் கல்லில் வைத்துத் தேய்த்துவிடலாமா என்றுகூட இருக்கும். சாயம் நல்ல சாயம். எத்தனை துவைத்தாலும் மங்கவில்லை. சட்டைக்குள் இருந்தவர்தான் மங்கினார்.

முட்டி முதலில் போனது. தரையில் உட்கார்ந்து மெஷினின் அடிப்பக்கத்தைக் கழற்றிவிட்டால், எழுந்திருக்க மெஷினையே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, திருகைத் தேடி எடுப்பதற்குள் வீட்டுக்காரர் பெருமூச்சு விட ஆரம்பித்தார். வேலையில் குறை இல்லை. பார்க்கத்தான் நன்றாக இல்லை. "உங்க கம்பெனிக்கு ஏத்த ஆளா இல்லையே மேடம்" என்று முதலில் ஒருவர் சொன்னார். பிறகு பலர் சொன்னார்கள். வார்னிங் கொடுத்துவிடுவதாக அவள் சொன்னாள். ஆனால் அந்த வார்னிங்குகளை அவள் வீட்டில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள். அவரும் கேட்பதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் போன் செய்தார். அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் புதிதாக எழும்பியிருந்த குடியிருப்பு. அங்கே ஏழெட்டு வீடுகளுக்கு அவள் புருஷன் போய்வந்திருக்கிறார்.

"எங்க மொத்தக் குடியிருப்புக்கும் வருஷ ஒப்பந்தம் போட்டுக்கலாம்னு பேசி முடிச்சிட்டோம் மேடம். எல்லா வீட்டு மெஷினும் உங்களுக்குத்தான். உங்க கம்பெனி மேல எல்லாருக்கும் நல்ல அபிப்பிராயம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம் சார்."

"ஒரே ஒரு கண்டிஷன். அந்த வயசானவர அனுப்பாதீங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பாவம், நல்ல மனுஷன்தான். ஆனா மூச்சு வாங்கிட்டு வந்து நிக்கறாரு, பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறாரு. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. உங்க பேருக்கும் அது நல்லா இல்ல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

"இப்பவே கேளுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பியானோவில் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்ததால் மெட்டு இழுத்து இழுத்து ஓடியது. கொடியில் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன, எல்லாவற்றிலும் நீலத்துளி. மெட்டு முடிந்ததும் போனை எடுத்து, மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம் என்றாள்.

ஒப்பந்தம் வேண்டாம் என்று உதற அவளால் முடியாது. தனி வீடுகளின் வேலை குறைந்துகொண்டே வந்தது. பழைய சர்வீஸ் பிரிவில் அவரோடு வேலை பார்த்த, வயதில் மிகவும் சின்னவர்களான இரண்டு பேர், வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டால் இவர் முட்டியைத் தேய்க்க வேண்டியதில்லை. டாக்டரும் மாடி ஏற வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் உட்கார வேண்டும் என்று அவளும் எத்தனையோ நாள் ஆசைப்பட்டவள்தான். ஆனால் தானாக உட்காருவது வேறு, உன்னைப் பார்க்கவே நன்றாக இல்லை என்று உட்கார்த்திவைப்பது வேறு. அதை யார் வாயால் சொல்வது?

அன்று சாயங்காலம் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"கொஞ்ச நாள் வீட்டுல இருங்களேன்."

"வீட்டுல இருந்து? உன் பியானோவ வாசிக்கவா?"

"விளையாட்டுக்குச் சொல்லலங்க. இந்த முட்டிய வச்சுக்கிட்டு…"

"முட்டி கிடக்குது. மெஷினத் தொறந்து கைய உள்ள விட்டா வலி மறந்துபோகுது. கை ஓடற வரைக்கும் ஓடட்டும். கம்பெனில இருக்கறதே ஒரு டெக்னீஷியன். நானும் லீவு போட்டா நீ யாருக்கு வார்னிங் குடுப்ப?"

அவள் சிரித்துவைத்தாள். அதற்குமேல் வாய் எழவில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைப்பாள், சாப்பிடுகிற மனுஷனிடம் சொல்லவா என்று விட்டுவிடுவாள். தூங்கப் போகுமுன் சொல்லலாம் என்று நினைப்பாள், தூக்கத்தைக் கெடுக்கவா என்று விட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை வந்தே விட்டது. அவர் காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மூணு மார்க் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினார். தண்ணீர் வெளியேற்றுகிற பம்ப் போய்விட்டதாம். படியில் ஒவ்வொரு அடியாக இறங்கும் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. அவள் படுக்கையறைக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். "ஏங்க, ஒரு விஷயம்" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் உடைந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தாள், மறுபடியும் உடைந்தது. பிறகு என்ன தோன்றியதோ, முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வணக்கம், நீலத்துளி ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறேன்" என்றாள். குரல் கணீரென்று வந்தது. தொலைந்த குழந்தையையும் தள்ளுபடிச் சட்டையையும் ஒரே மாதிரி அறிவித்த குரல் அது. அதற்கு எதையும் சொல்ல வரும்.

கோழைத்தனம்தான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆபீஸ் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம். நீலத்துளி ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறேன்."

இதுவரை ஹெட் ஆபீஸ் அவரைக் கூப்பிட்டதே இல்லை. அவர்தான் ஹெட் ஆபீஸைக் கூப்பிடுவார்.

"சொல்லுங்க மேடம்."

"பேசலாமா?"

"கை ஈரமா இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பரவால்ல மேடம், சொல்லுங்க."

ஸ்பீக்கர் என்றதுமே வைத்திருக்க வேண்டும். ஆனால் இப்போது வைத்துவிட்டால் இனி இந்தத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"பக்கத்துக் குடியிருப்புல இருந்து வருஷ ஒப்பந்தம் வருது. அதுக்குப் புது ஆட்கள எடுக்கறதா கம்பெனி முடிவு பண்ணியிருக்கு. நீங்க நாளைல இருந்து வீடுகளுக்குப் போகவேண்டாம்."

எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"இல்ல. வேலைல ஒரு தப்பும் இல்ல. வாடிக்கையாளர்கள் கம்பெனிய ஒரு மாதிரி மனசுல வச்சிருக்காங்க. நேர்ல வர்றவங்களும் அதே மாதிரி…"

அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை.

"புரியுது மேடம்" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "மேனேஜர்கிட்ட கேட்டாச்சா?" என்றார்.

அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மெட்டு ஊர்ந்துகொண்டு போனது. போனைப் பியானோ பக்கத்தில் வைத்துவிட்டு, சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுதாள். கேட்க யாருமில்லை. மேலிடம் என்று ஒன்று இருந்தால் அதன் காலில்கூட விழுந்திருப்பாள். மெட்டு நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"கேட்டாச்சு."

"என்ன சொன்னாரு?"

"அவருக்கும் வேற வழி தெரியலயாம்."

"சரி மேடம். கம்பெனி முடிவு எதுவோ அதுதான். இத்தன நாள் வச்சிருந்ததுக்கு நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள் மேடம்."

"சொல்லுங்க."

"இத என் வீட்டுக்குப் போன் பண்ணி சொல்லிடாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கறேன். அவ தாங்கமாட்டா."

"சரிங்க" என்றாள் அவள். அந்த ஒரு சொல் மட்டும் ஆபீஸ் குரலில் வரவில்லை.

எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, ஆபீஸ் போன் அடித்தபோதுதான் நினைவு வந்தது. டீச்சர்.

"நீதான் அந்த மேடமா?"

"நீலத்துளி ஹோம் சர்வீஸ். சொல்லுங்க டீச்சர்."

"என்னத்தச் சொல்றது? என் வீட்டுல, என் கண்ணு முன்னால, கைல பம்ப வச்சுக்கிட்டு இருந்த மனுஷன வேலைய விட்டு எடுத்திருக்க. அவரு என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு வார்த்த பேசாம மிச்ச வேலைய முடிச்சாரு. தரைய நல்லாத் தொடச்சாரு. எனக்கு வணக்கம் சொல்லிட்டு எறங்கிப் போனாரு. நான் மூணு மார்க் போட்டேன்னா அது என் சுபாவம். அதுக்காக எடுத்துடுவீங்களா?"

"உங்க மார்க்கால இல்ல டீச்சர்."

"பெரிய கம்பெனின்னு நம்பித்தான் கூப்பிட்டேன். மனுஷன் அருமை தெரியாத கம்பெனி எத்தனை பெருசா இருந்து என்ன? உனக்கெல்லாம் வீட்டுல ஒரு புருஷன் இருந்தாத் தெரியும்."

"மன்னிச்சிடுங்க டீச்சர். உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கறேன்."

டீச்சர் அதோடு விடவில்லை. மார்க்கையும் சொல்லி, எழுதிக்கொண்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

அடுத்து அவள் குடியிருப்புச் செயலாளரைக் கூப்பிட்டு, மேனேஜர் சம்மதித்துவிட்டார், வேறு ஆட்கள் வருவார்கள் என்றாள். செயலாளருக்கு ரொம்பத் திருப்தி. உங்களை மாதிரிக் கம்பெனிதான் முன்னுக்கு வரும் என்றார். நன்றி சார் என்று போனை வைத்துவிட்டு, அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவர் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. டீச்சர் வீடு அப்படியொன்றும் தூரமில்லை. எங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாரோ. படியில் சத்தம் கேட்டதும் அவள் கண்ணைக் கழுவிக்கொண்டாள். உள்ளே வந்தவர் கருவிப் பையை வழக்கமான மூலையில் வைக்காமல் அலமாரிக்கு அடியில் தள்ளினார். சட்டையைக் கழற்றி, நீலத்துளி உள்ளே போகிற மாதிரி மடித்து நாற்காலி முதுகில் போட்டார். பனியனோடு உட்கார்ந்து கூப்பிட்டார்.

"இங்க வா. வந்து உக்காரு. ஒண்ணு சொல்லணும், பதட்டப்படாத."

அவள் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க?"

"ஆபீஸ்ல இன்னிக்கி ஒரு முடிவு எடுத்திருக்காங்க."

"என்ன முடிவாம்?"

அவர் முதலிலிருந்து சொன்னார். குடியிருப்பு ஒப்பந்தம் வருகிறதாம், நல்ல விஷயம்தானாம், நமக்கு இனிக் கவலையே இல்லையாம். புது ஆட்கள் ஏறி இறங்குவார்களாம். தனக்கும் வயதாகிவிட்டது, முட்டிக்கும் ஓய்வு வேண்டும், டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா என்றார். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளும் வருத்தப்படக் கூடாது என்றார். ஏற்கெனவே பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் மாதிரி, தடுக்காமல் சொன்னார். அவள் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவள் மாதிரி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, "உம்" கொட்ட வேண்டிய இடத்தில் "உம்" கொட்டிக் கேட்டாள்.

"யாரு போன் பண்ணது?"

"அந்த மேடம்தான்."

"கடுசாப் பேசினாங்களா?"

"சேச்சே. மரியாதையாத்தான் பேசினாங்க. நடுவுல குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க. மேல இருந்து சொல்றாங்க, அவங்க எடுத்துச் சொல்றாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

அவள் தலையைக் குனிந்து துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் அவர் இந்த நாடகத்தை ஆடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளால்தான் இனி முடியாது.

"டீச்சர் போன் பண்ணாங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப் பிடிச்சுக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க. மார்க்கும் குடுத்தாங்க."

"மூணுதான?"

"அஞ்சு."

அவர் நாற்காலியில் கிடந்த சட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனிக்கா?"

"உங்களுக்கு. கம்பெனிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடு என்றார். அவள் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.